பொன்னாடை போர்த்தி அனுப்புதல்

எங்கள் சங்கம் இதுவரை ஒருவரையும் பதவியிலிருந்து நீக்கியதில்லை. பொன்னாடைதான் போர்த்தியிருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வராது. நாளைக்கு அவர் கோயிலில் எதிர்ப்படுவார். அவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கு நாங்கள் போகவேண்டியிருக்கும். ஆகவே அவருடைய அரும்பணியைப் பாராட்டி விழா எடுப்போம். மேடையில் ஏற்றி, நாலு பேர் புகழ்ந்து பேசி, சரிகை வைத்த பொன்னாடையைத் தோளில் போட்டு, படம் எடுத்து, கைதட்டி அனுப்பிவைப்போம். வீட்டுக்குப் போய் ஆடையை மடித்து அலுமாரியில் வைக்கும்போதுதான் சிலருக்கு விஷயம் விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கம், லண்டன் கிளை. அதற்கு நான் ஒன்பது வருடம் செயலாளர். தொழில் வீடுகளைச் சூடாக்கும் பொய்லர் திருத்துவது, வீடு வெஸ்ட் ஈலிங்கில். படிக்கிற காலத்தில் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியில் இரண்டு வருடம் இருந்தேன். இரண்டு வருடமும் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் எங்கள் செயற்குழுவின் பதினொரு பேரில் வாங்கு வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான்.

கல்லூரியில் பிள்ளைகள் உதைபந்து ஆடுவார்கள், லண்டனில் நாங்கள் அதை நடத்துவோம். பயிற்றுநரின் சம்பளம், சப்பாத்து, பந்து, பிள்ளைகளுக்கு முட்டை, பால் எல்லாம் இங்கிருந்துதான் போகிறது. காசு போகிற வழியாலேயே கருத்தும் போகும். விம்பிள்டனில் ஒருவர் கோல் வலை வாங்கிக் கொடுத்த வருடம், கோல் காப்பாளர் யார் என்பதையும் அவரே சொன்னார். மைதானத்தில் புல் வெட்டக் காசு கொடுத்த பல் வைத்தியர், அணி இடது பக்கத்தால்தான் தாக்கவேண்டும் என்று மின்னஞ்சல் போட்டார். அவருடைய காசு அந்தப் பாதிக்குத்தான் போதுமாக இருந்தது. இப்படி இருந்தால் எந்தப் பயிற்றுநர் நிலைப்பார்? என்னுடைய காலத்தில் நாலு பேர் வந்து போனார்கள். அவர்களுக்கான பொன்னாடைகளைப் பொதி கட்டி அனுப்பியது நான். காலைப் பிரார்த்தனையில் அதிபர் அதைப் போர்த்திவிடுவார்.

பொன்னாடை எங்களுக்கு வழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. பல வருடங்களுக்கு முன் ஒரு பொருளாளருக்குப் போர்த்தினோம். மனிதருக்கு விளங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதே பொன்னாடையோடு வந்து அதே கதிரையில் உட்கார்ந்து வரவு செலவு வாசித்தார். அன்றைக்கே எங்கள் தலைவர் பேனாவை எடுத்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர், சட்டம் எழுதுவதென்றால் சாப்பாடும் வேண்டாம். சங்க யாப்பில் பதினோராம் பிரிவாக இப்படி எழுதினார்: “சங்க மேடையில் பொன்னாடை போர்த்தப்படுபவர், அக்கணம் முதல், தாம் வகிக்கும் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, அடுத்த பொதுக்கூட்டம் வரை கௌரவ ஆலோசகராகக் கருதப்படுவார்.” எழுதி முடித்துத் தானே இரண்டு தரம் உரத்து வாசித்து, தானே ரசித்தார். ஏகமனதாக நிறைவேற்றினோம்.

இனி எங்கள் போசகர், சங்கத்தின் பெரிய புரவலர். ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடைகள் வைத்திருக்கிறார். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று பாரிஸிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். கல்லூரியில் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தார், ஆனால் கல்லூரி மீது அவருக்கு இருக்கும் பாசம் பட்டம் பெற்றவர்களுக்கும் இல்லை. கல்லூரியின் ஆட்டம் நேரலையில் போனால் கடைக் கல்லாவில் ஃபோனைச் சாத்திவைத்து “அலே! அலே!” என்று, போ போ என்று பிரெஞ்சில் கத்துவார். மரக்கறி வாங்க வந்தவர்கள் தங்களைத்தான் விரட்டுகிறார் என்று நினைப்பதுண்டு.

அந்தத் தை மாதக் கூட்டத்தில் போசகர் எழுந்து, கல்லூரி மைதானம் முழுவதற்கும் செயற்கைப் புல் போட்டுத் தருவதாகச் சொன்னார். 

“ஒரு சொல்லுத்தான்,” என்றார். “கோச் என்ர ஆளா இருக்கவேணும்.”

அவருடைய ஆள் மனைவியின் தம்பி, டொரன்டோவில் இருக்கிறார். இணையத்தில் படித்து ஒரு பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருந்தார். போசகர் அதை லாமினேற் பண்ணிக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணை, இப்ப இருக்கிற மாஸ்ரர் ரீமை இறுதியாட்டத்துக்குக் கொண்டு வந்திட்டார்,” என்றேன் நான். அது சின்ன விஷயமல்ல. எனக்குத் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்துக்குப் பிறகு எங்கள் அணி இறுதியாட்டம் கண்டதில்லை.

“அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன்,” என்றார். “கொண்டு வந்திட்டார்தானே? இனி அவருக்கு அங்க என்ன வேலை?”

செயலாளர் என்ற முறையில் அதை நான் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால் மாஸ்ரருக்கு ஊரில் நல்ல பெயர். பயிற்றுநர் பதவி கிடைக்கும் முன்பே, பதினைந்து வயதுப் பிரிவில் இருந்தே அந்தப் பிள்ளைகளைச் சம்பளமில்லாமல் வளர்த்தெடுத்தவர். காலைப் பிரார்த்தனையில் போர்த்தினால் பெற்றோர் குழம்பிக் கல்லூரிக் கேற்றை இழுத்துப் பூட்டுவார்கள். யோசித்து யோசித்துத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாஸ்ரரை லண்டனுக்கு அழைத்து இங்கே போர்த்துவது. அவர் திரும்பிப் போவதற்குள் டொரன்டோக்காரர் மைதானத்தில் விசிலோடு நிற்பார். விமான ரிக்கெற் மாஸ்ரரின் ஒரு வருடச் சம்பளத்தைவிடக் கூட. சிக்கனத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை.

அழைப்புக் கடிதம் எழுதியது நான். விசாவுக்கு உதவும் என்று சங்கத்தின் யாப்பையும் முழுசாக இணைத்தேன். அவருக்கு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. “நீங்கள்தானே ரீமில இருந்தனீங்கள்,” என்றார்கள்.

மாசி மாதம் விழாவுக்கு மூன்று நாள் முன் மாஸ்ரர் வந்து இறங்கினார். மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், யாரோ கொடுத்த கோட் முழங்கால் வரை தொங்கியது. இரண்டு பெட்டி. ஒன்றில் பூட்டுப் போட்டிருந்தார், அதைத் தூக்க எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

“என்ன மாஸ்ரர், கல்லோ?”

“கொமிற்றிக்கு ஒரு சின்ன மரியாதை அண்ணை.”

தின்னப் பனங்கட்டி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

என் வான் வண்டியில் ஏறியதும் ஃபோனை எடுத்து அணியின் ஒவ்வொரு பிள்ளையையும் எனக்குக் காட்டினார். இவனுக்கு இடது கால், இவன் தலையால் அடிக்கப் பயப்படுவான் இப்போது பரவாயில்லை, இவன் தாய் இல்லாதவன் ஆனபடியால் தோற்றால் கொஞ்சம் கூடுதலாக அழுவான். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று, “இறுதியாட்டத்துக்கு முன்னம் நான் திரும்பிப் போயிடுவன்தானே?” என்று கேட்டார்.

“போயிடுவீங்கள்,” என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விம்பிள்டனில் ஒரு வீட்டில் பொய்லர் வேலை. வீட்டில் தனியே இருந்தால் பொழுது போகாது என்று அவரும் வந்தார். வந்தவர் எனக்கு டோர்ச் பிடித்தார். பிடித்தபடியே ஊருக்குக் குரல் செய்தி அனுப்பினார். “ஒம்பது மணிக்குப் படுக்கவேணும். ஃபோனை அம்மாட்டக் குடுக்கவேணும். நாளைக்கு மூலை உதை ஐம்பது. நான் பாக்கயில்லை எண்டு முப்பதோட நிப்பாட்டினா எனக்குத் தெரியவரும்.” வீட்டுக்காரி என்ன மொழி என்று கேட்டாள். தமிழ் என்றேன். பொய்லருக்கா சொல்கிறார் என்று கேட்டாள். சொல்லவேண்டியதைச் சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை என் மனைவி குசினியில் என்னை மறித்தாள். “இண்டைக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

சரி என்று பிளேன்ரீயோடு முன்னறைக்குப் போனேன். “மாஸ்ரர், நாளைக்கு உங்களுக்குப் பொன்னாடை போத்துவினம்,” என்று தொடங்கினேன். அதற்கு மேல் நா எழவில்லை.

“தெரியும் அண்ணை,” என்றார் அவர். “எனக்கு முன்னம் இருந்த நாலு பேருக்கும் போத்தினதைப் பாத்தனான்தானே.”

தேநீர் எனக்குப் புரையேறியது. அவர் எழும்பி வந்து என் முதுகைத் தட்டிவிட்டார். யாரை யார் ஆறுதல்படுத்துவது என்று அந்த அறையில் எல்லாம் தலைகீழாக நடந்தது.

“எனக்கு வேலை போறதில கவலை இல்லை எண்டு சொல்லமாட்டன்,” என்றார். “ஆனா அது பரவாயில்லை. இந்த ஒரு மட்ச் மட்டும் பிள்ளையளோட நிக்கவேணும். நான் நிப்பன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அதுக்குப் பிறகு என்னத்தையும் போத்துங்கோ.”

“என்னால என்ன செய்ய ஏலும் மாஸ்ரர்?”

“ஒண்டும் செய்யவேண்டாம். நாளைக்கு ஆரும் உங்களிட்ட ஏதும் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. அது காணும்.”

ஒன்பது வருடச் செயலாளர் வாழ்க்கையில் என்னிடம் இப்படி ஒரு காரியத்தை யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு மதியம் ஹரோவில் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் பதாகை. அதில் பச்சைப் பசேல் என்று செயற்கைப் புல், புல்லின் நடுவில் போசகர், ஒரு மூலையில் தபால்தலை அளவில் மாஸ்ரர். பொன்னாடை என் கையில் இருந்தது. போசகரின் காசில் வெம்பிளியில் நானே போய் எடுத்தது. “கனமான சரிகையாப் பாத்து எடும் தம்பி, காசை யோசியாதையும்,” என்று சொல்லியிருந்தார். மயில் நீலம், நாலு விரல் அகலத்துக்குப் பொன் சரிகை. உண்மையில் வடிவான ஆடை.

தலைவர் பேசினார். போசகர் பேசினார். மாஸ்ரரின் பணி என்றென்றும் நினைவுகூரப்படும் என்று இருவரும் சொன்னபோது, விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசைப் பக்கம் பார்த்தார்கள். பிறகு மாஸ்ரரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் தன் பூட்டுப் போட்ட பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஏறினார்.

“எனக்குப் போத்துறதுக்கு முதல்,” என்று ஒலிவாங்கியில் சொன்னார், “இவ்வளவு காலமும் எங்கட பிள்ளையளுக்குச் சாப்பாடு போட்ட ஆக்களுக்கு நான் ஒரு மரியாதை செய்யாட்டி அது முறையில்லை.”

பெட்டியைத் திறந்தார். உள்ளே பொன்னாடைகள். யாழ்ப்பாணத்துப் பெரிய கடை வீதியில் எடுத்த, ஊர்ப் பொன்னாடைகள். பனங்கட்டி ஒன்றுகூட இல்லை.

சபை நெகிழ்ந்துபோனது. எங்கள் செயற்குழுவில் பலருக்கு வாழ்நாளில் ஒருவரும் பொன்னாடை போர்த்தியதில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு, வரிசையில் நின்றார்கள். தலைவர் முதலில் போனார். பிறகு போசகர். மனிதர் கண் கலங்கிவிட்டார், உண்மையாகவே கலங்கிவிட்டார். இத்தனை வருடமும் கொடுத்துக்கொண்டே இருந்தவருக்கு ஒருவராவது போர்த்தவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. உப தலைவர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் என்று ஒவ்வொருவராகப் போர்த்தி, படமும் எடுத்து முடித்தார்கள். கடைசியாக நான். என் தோளில் ஆடையைப் போடும்போது மாஸ்ரர் என் காதோடு சொன்னார்: “குறை நினையாதேங்கோ அண்ணை. பிள்ளையளை விட்டிட்டு ஏலாது.”

அப்போதுதான், விசாவுக்கென்று நான் அனுப்பிய யாப்பு நினைவுக்கு வந்து, எனக்குப் பொறி தட்டியது. திரும்பித் தலைவரைப் பார்த்தேன். அவருக்கும் தட்டியிருந்தது. தன்னுடைய பொன்னாடையைத் தானே குனிந்து பார்த்தபடி, உதடு அசைய, எதையோ மனதுக்குள் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். பதினோராம் பிரிவை.

“சரி, இனி மாஸ்ரருக்குப் போத்துங்கோ,” என்றார் போசகர்.

“போத்த ஏலாது,” என்றார் தலைவர்.

“ஏன்?”

“போத்துறதுக்குச் சங்கம் இல்லை. நாங்கள் எல்லாரும் ஓய்வுபெற்றிட்டம்.”

போசகர் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். “அதெல்லாம் சும்மா எழுதினதுதானே!”

அது சொல்லக்கூடாத வார்த்தை. தலைவரின் முகம் சிவந்தது. தன் பதவி போனதை அவர் தாங்கிக்கொண்டார், தன் சட்டத்தைச் சும்மா எழுதியது என்றதைத் தாங்கமாட்டார். “அக்கணம் முதல் எண்டு கிடக்கு,” என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார். “வேணுமெண்டால் செயலாளரைக் கேளுங்கோ.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போசகரும் பார்த்தார். அவருடைய கடைகளில் பொய்லர் இல்லை என்றாலும் வீடுகளில் இருக்கிறது, எல்லாம் நான் பார்க்கிறவை. வழக்கம்போல வழுக்கிவிட எனக்கு வழி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன், சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லியிருக்கலாம். மாஸ்ரர் என்னைப் பார்க்கவில்லை. வெறும் பெட்டியைக் குனிந்து பூட்டிக்கொண்டிருந்தார், பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

“நானும் இப்ப செயலாளர் இல்லை,” என்றேன். “ஆனா உள்ளதைச் சொல்லுறன். பிரிவில ஆர் போத்தவேணும் எண்டு இல்லை, சங்க மேடையில போத்தினாக் காணும். எங்களுக்குப் போத்தேக்க இது சங்க மேடை. இப்ப சங்கம் இல்லை, இது வாடகை ஹோல். புதுக் கொமிற்றி வைகாசிப் பொதுக்கூட்டத்திலதான் வரும். அதுவரைக்கும் சங்கத்தில பதவியோட இருக்கிறது மாஸ்ரர் ஒராள்தான்.”

 வழுக்காமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒருவர் கைதட்டினார். என் மனைவி.

பிறகு என்ன, சாப்பிட்டோம். பன்னிரண்டு கௌரவ ஆலோசகர்களும் பொன்னாடையோடேயே வரிசையில் நின்று ஆட்டிறைச்சிக் கறி வாங்கினார்கள். எடுத்துவிடலாமா கூடாதா என்பது யாப்பில் இல்லை.

மாஸ்ரரை விமான நிலையத்தில் விடும்போது போர்த்தப்படாத அந்த மயில் நீலத்தை அவர் கையில் திணித்தேன். சங்கம் இல்லாததால் அதற்குச் சொந்தக்காரரும் இல்லை. “எதுக்கும் உதவும்,” என்று வாங்கிப் பெட்டியில் வைத்தார். டொரன்டோக்காரர் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியிருந்தார். அதிபர் நியமனக் கடிதம் கேட்டார். கடிதத்தில் கையெழுத்து வைக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை. இறுதியாட்டம் வரை மூன்று கிழமையும் மைதான ஓரத்தில் கதிரை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஊதாமல் இருந்தாராம்.

இறுதியாட்டம் பங்குனியில், எங்களுக்கு அது காலைப் பொழுது. வேலைக்குப் போகிற வழியில் ஒரு தெருவோரத்தில் வானை நிறுத்திவிட்டு ஃபோனில் பார்த்தேன். ஊரார் வீட்டை எல்லாம் சூடாக்குகிற என் வானில் ஹீற்றர் வேலை செய்வதில்லை, என் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டேன். எல்லைக் கோட்டில் மாஸ்ரர் நின்றார், அந்த நீளக் கோட் இல்லாமல், அரைக்கைச் சட்டையோடு. முதல் கோல் எங்களுடையது. நான் தனியே கத்தியதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வான் கண்ணாடியில் தட்டி, உடம்புக்கு ஏதுமா என்று விசாரித்தார். பிறகு எதிரணி இரண்டு அடித்தது. தோற்றுவிட்டோம்.

விசில் ஊதியதும் மாஸ்ரர் மைதானத்துக்குள் நடந்துபோனார். விழுந்து கிடந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினார். கூடுதலாக அழுவான் என்று சொன்ன பிள்ளைக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டார், எழும்பவில்லை. அதைப் பார்த்து நான் அழுதேன். ஒன்பது வருடத்தில் அந்தச் சங்கத்துக்காக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த மனிதரை அந்தப் புல்லில் உட்கார விட்டதுதான்.

ஃபோன் அடித்தது. போசகர்.

“பாத்தீரோ தம்பி? உடன கோச்சை மாத்தவேணும்!”

“மாத்தலாம் அண்ணை,” என்றேன். “ஆர் மாத்திறது?”

 கடையில் யாரோ கத்தரிக்காய் விலை கேட்பது கேட்டது.

“அந்த மூலைக் கொடியள் நாலும் மட்டும் நல்ல வடிவு,” என்றார் கடைசியில். “நீலத்தில, சரிகையெல்லாம் வைச்சு. ஆர் குடுத்தது?”

“நீங்கள்தான் அண்ணை,” என்றேன்.